கவாத்தை ஆவணிக்குத் தள்ளிவையுங்கள்: எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சங்க அலுவலக வாசலில் ஒட்டியிருக்கும் சுற்றறிக்கையைப் படித்தேன். சித்திரை பிறப்பதற்குள் நம் தெருக்களில் உள்ள மரங்களையெல்லாம் கவாத்து செய்துவிடுவதாக, அதாவது கிளைகளைக் கழித்துவிடுவதாகத் தீர்மானித்திருக்கிறீர்கள். ஒப்பந்தக்காரரிடம் பேசி முன்பணமும் கொடுத்தாகிவிட்டது. அதே கையோடு, நடைபாதையில் மிச்சமிருக்கும் மண்ணையும் மூடி, மரத்தைத் தொடும் வரைக்கும் பேவர் பிளாக் பதிக்கப்போகிறீர்கள். இலைக்குப்பை, பறவை எச்சம், விடியற்காலைக் குயில் சத்தம், புயல் பயம் என்று காரணங்களும் அதில் இருக்கின்றன.

என் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கவாத்தே கூடாது என்று நான் வாதாட வரவில்லை. இந்தப் பங்குனியில் வேண்டாம், ஆவணியில் செய்யுங்கள் என்றுதான் கேட்கிறேன். பேவர் பிளாக்கை மட்டும் மரத்தடியில் எந்த மாதத்திலும் பதிக்காதீர்கள். இந்த இரண்டையும் ஏன் கேட்கிறேன் என்பதை விரிவாக எழுத இடம் கொடுங்கள். எல்லோரும் படிக்க வேண்டும் என்பதால்தான் இதைத் திறந்த மடலாகவே எழுதுகிறேன்.

சென்னைக்கு வசந்தமே கிடையாது, வெயில்தான் உண்டு என்று போன பொதுக்குழுவில் ஓர் உறுப்பினர் சொன்னார். பலர் சிரித்தார்கள். அவரையும் அழைத்துக்கொண்டு ஒரு நாள் காலை வெயில் ஏறுவதற்குள், நம் முதல் தெருவிலிருந்து மருந்தீஸ்வரர் கோயில் குளம் வரைக்கும் அண்ணாந்து பார்த்தபடி நடந்து வாருங்கள். திருவான்மியூரில் இத்தனை ஆண்டுகள் இருந்தும் பார்க்காத ஒன்றைப் பார்ப்பீர்கள்.

தை கடைசியிலேயே அது தொடங்கிவிட்டது. முனை வீட்டு வாசலில் நிற்கும் நாட்டு பாதாம் மரத்தின் இலைகள் செக்கச்செவேல் என்று சிவந்து, உலர்ந்து, கார்க் கூரைகளில் சடசடவென்று விழுந்தன. மரம் மொட்டையாக நின்றது கொஞ்ச நாள்தான். இப்போது ஒவ்வொரு கிளை நுனியிலும் இளந்தளிர்கள் கூம்பி நிமிர்ந்து நிற்கின்றன. குளத்துப் பக்கத்து அரசமரம் தாமிர நிறத்தில் துளிர்த்திருக்கிறது. காலை வெயில் பின்னாலிருந்து விழும்போது அந்தத் தளிர்கள் இளஞ்சிவப்பாக மாறுகின்றன, நரம்பு நரம்பாகத் தெரிகின்றன. இது சில நாட்களே நீடிக்கும். அதற்குள் பச்சை ஏறிவிடும், அப்புறம் அடுத்த ஆண்டுதான்.

ஆனால் நம் தெருக்களின் உண்மையான செல்வம் புங்கைதான். யார் நட்டார்களோ, அவர்களுக்குக் கோடிப் புண்ணியம். மாசியில் பழுத்த இலையையெல்லாம் மரம் ஒரே வீச்சில் கொட்டிவிடுகிறது. அந்த இரண்டு மூன்று வாரம் தெருவெல்லாம் இலைதான், மறுக்கவில்லை. தூய்மைப் பணியாளர் அம்மா ஒரு தெருவைப் பெருக்கி முடித்துத் திரும்புவதற்குள் பெருக்கிய இடம் மறுபடி மூடிவிடும். உங்கள் புகார்ப் புத்தகத்தில் இலைக்குப்பை பற்றி எழுதியிருப்பவை அநேகமாக மாசி மாதத்தில் எழுதியவையாகத்தான் இருக்கும். அந்த இலையுதிர்வு முடிந்துவிட்டது. நீங்கள் இப்போது வெட்டப் போவது, இனி மாதக்கணக்கில் உதிராத புது இலையை. குப்பையைக் குறைக்க வெட்டுகிறோம் என்கிறீர்கள். குப்பை போன பிறகு, நிழல் வந்துகொண்டிருக்கும்போது வெட்டுகிறீர்கள்.

அந்தப் புது இலையைப் பாருங்கள். எண்ணெய் பூசியதைப் போன்ற மினுமினுப்பு. கையில் எடுத்தால் துவளும். முற்றிய பச்சையாவதற்கு முந்திய அந்த இளம்பச்சை இந்த ஊரில் வேறு எந்த மரத்திலும் இவ்வளவு பிரகாசமாகத் தெரிவதில்லை. இலைகளின் கக்கத்தில் சின்னச் சின்ன மொட்டுகள் இப்போதே சரம் கட்டியிருக்கின்றன. இன்னும் சில நாட்களில் வெண்மையும் ஊதாவும் கலந்த பூக்கள் மலரத் தொடங்கி, மலர்ந்த வேகத்திலேயே உதிரும். புங்கம்பூ உதிர்ந்து கிடக்கும் மணல் முற்றத்தை, முருகனுக்காக வேலன் ஆடும் வெறியாட்டுக் களத்தில் வெண்பொரி சிதறிக் கிடப்பதற்கு ஒப்பிட்டவர்கள் சங்கப் புலவர்கள். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் பார்த்த அதே காட்சியை நாம் பால் வாங்கப் போகும் வழியில் பார்க்க முடிகிறது. அதைத்தான் சுற்றறிக்கை 'மரக்கழிவு' என்கிறது.

அடுத்தது வேம்பு. சங்க அலுவலகத்தை ஒட்டிய மோட்டார் அறைப் பக்கத்து வேப்பமரம், பட்டுப்போன மரங்களின் பட்டியலில் முதல் இடத்தில் இருப்பதைப் பார்த்து மனம் பதைத்தது. அந்தப் பட்டியலைத் தை மாதத்தில் எடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்போது அதன் நுனிக்கிளைகளெல்லாம் தீயில் வாட்டியது போலக் கருகித்தான் இருந்தன. சில ஆண்டுகளாகவே மழை முடிந்து பனி இறங்கும் பருவத்தில் தமிழ்நாடு முழுவதும் வேப்பமரங்களுக்கு இந்த நோய் வருகிறது. தேயிலைக் கொசு என்ற பூச்சி கொழுந்தை உறிஞ்சுகிறது, கூடவே ஒரு பூஞ்சையும் சேர்ந்து நுனியைக் கருக்குகிறது. பார்ப்பவர்களுக்கு மரமே செத்துவிட்டது போலத் தோன்றும். வெயில் ஏறியதும் பெரும்பாலான மரங்கள் தேறித் துளிர்த்துவிடும். நம் மரமும் துளிர்த்துவிட்டது. செம்பு நிறக் கொழுந்து ஒரு பக்கம், அதற்குள்ளேயே வெள்ளைப் பூங்கொத்து மறுபக்கம். செயலாளர் ஐயா தம் மேசை ஜன்னலைத் திறந்தாலே தெரியும். மாலை ஆறு மணிக்கு மேல் திறந்தால் வாசனையும் வரும். வேப்பம்பூ பகலைவிட அந்தி நேரத்தில்தான் நன்றாக மணக்கும்.

இன்னும் சில நாட்களில் அந்த மரத்தடியில் பழைய வேட்டியை விரித்து வைப்பார்கள். நம் அடுக்ககத்துப் பாட்டிமார் மட்டுமல்ல, பின்தெருவில் வாடகைக்கு இருக்கும் ஆந்திரக் குடும்பமும் வரும். அவர்களுக்கு யுகாதிப் பச்சடி, நமக்குச் சித்திரை முதல் நாள் பச்சடி. இரண்டுக்கும் பூ ஒன்றுதான். மீந்ததைக் காயவைத்து டப்பாவில் போட்டால் அடுத்த ஆண்டு வரை ரசத்துக்கு ஆகும். கடையில் சிறு பொட்டலத்துக்கு எவ்வளவு விலை சொல்கிறார்கள் என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். சித்திரைக்கு முன் மரத்தைக் கழித்துவிட்டு, அதே வாரம் சங்கத்தின் சார்பில் தமிழ்ப் புத்தாண்டு விழா எடுத்து, வேப்பம்பூப் பச்சடி பரிமாறுவது எந்த வகையில் பொருந்தும்? இதைக் கோபமாகவே கேட்கிறேன்.

குயிலைப் பற்றிய புகாருக்கு வருகிறேன். விடிவதற்கு முன்பே கூவ ஆரம்பித்துவிடுகிறது, தூக்கம் கெடுகிறது என்பது உண்மை. கரிய ஆண் குயில் ஒவ்வொரு கூவலுக்கும் சுருதியை ஏற்றிக்கொண்டே போய், உச்சத்தில் சட்டென்று நிறுத்தும். பிறகு மறுபடி முதலிலிருந்து. புள்ளி போட்ட பழுப்பு நிறப் பெண் குயில் இடையில் 'கிக் கிக்' என்று வேகமாகக் கத்தி மறையும். இந்தக் கச்சேரி ஆண்டு முழுவதும் இருப்பதில்லை. காகம் கூடு கட்டும் பருவத்தை ஒட்டித்தான் குயிலுக்குக் குரல் உச்சத்துக்கு வருகிறது, ஏனென்றால் குயில் முட்டையிடுவது காகத்தின் கூட்டில். மூன்றாம் தெருவின் தூங்குமூஞ்சி மரத்தில் காகங்கள் கட்டத் தொடங்கிவிட்டன. சுள்ளி மட்டும் இல்லை; கட்டுமான இடத்தில் பொறுக்கிய கம்பித் துண்டு, யார் வீட்டு மாடியிலோ திருடிய துணி மாட்டும் கம்பி எல்லாம் அந்தக் கூட்டில் இருக்கின்றன. முட்டையிட்ட காகத்தின் கூட்டைக் கலைத்தால் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். கீழே போகிறவர் வருகிறவர் தலையையெல்லாம் வாரக்கணக்கில் கொத்தும். பள்ளிப் பிள்ளைகள் வேன் ஏறுவது அந்த மரத்தடியில்தான். பறவைகளுக்காக இல்லாவிட்டாலும் இதற்காகவாவது அந்த மரத்தை இப்போது தொடாதீர்கள்.

நான் இந்த மடலை எழுதுவதற்கு உடனடிக் காரணம் வேறொரு பறவை. நாள் முழுக்க 'டொக், டொக், டொக்' என்று ஒரே சீராக, யாரோ தாமிரப் பாத்திரம் தட்டுவது போன்ற ஒலி கேட்கிறதல்லவா? இன்னும் எங்கோ கட்டட வேலை நடக்கிறது என்றே பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது செம்மார்புக் குக்குறுவான். சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் பெரிது. உடம்பு இலைப்பச்சை. நெற்றியிலும் மார்பிலும் குங்குமச் சிவப்பு, தொண்டையிலும் கண்ணைச் சுற்றியும் மஞ்சள். கத்தும்போது அலகைத் திறப்பதே இல்லை. தொண்டை மட்டும் ஒவ்வொரு ஒலிக்கும் உப்பி உப்பி அடங்கும். அரசு, ஆல் பழங்கள்தான் இதற்கு முக்கிய உணவு. குளக்கரை அரசமரம் இருப்பதால்தான் இந்தப் பக்கம் தங்குகிறது.

சுற்றறிக்கையில் 'காய்ந்த கிளை, உடனே அகற்ற வேண்டும்' என்று குறிக்கப்பட்டிருக்கும், பூங்கா வாசல் முருங்கைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் அந்தக் கிளையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். ஒரு ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய, அளவெடுத்துச் செதுக்கியது போன்ற வட்டத் துளை தெரியும். மேல்பக்கம் இல்லாமல் அடிப்பக்கம் துளைத்திருப்பதால் மழைத்தண்ணீர் உள்ளே போகாது. ஆணும் பெண்ணும் மாறி மாறிக் குடைந்தன. ஒன்று தலையை உள்ளே விட்டு மரத்தூளை வாரி வெளியே உதறும், கீழே நின்றால் சட்டையில் விழும். இப்போது தூள் விழுவது நின்றுவிட்டது. ஒன்று உள்ளே போனால் நெடுநேரம் வெளியே வருவதில்லை. முட்டையிட்டு அடைகாக்கிறது என்று அர்த்தம். பட்டுப்போய் மெத்தென்று ஆன மரத்தில்தான் இந்த அலகால் குடைய முடியும், பச்சைக்கிளை உதவாது. நமக்கு உதவாத காய்ந்த கிளைதான் அதற்கு வீடு. அந்தக் கிளை நடைபாதைக்கு மேலே இல்லை, பூங்காவின் உட்பக்கம் புல்வெளிக்கு மேலே நீட்டியிருக்கிறது. கீழே ஒரு கயிறு கட்டி, ஆள் நிற்காமல் பார்த்துக்கொண்டால் போதும். வைகாசிக்குள் குஞ்சுகள் பறந்துவிடும். அதன் பிறகு தேவைப்பட்டால் எடுங்கள்.

மரத்தை நம்பி இருப்பவர்களில் மனிதர்களும் உண்டு. இஸ்திரி வண்டிக்காரரை யாரும் கூட்டத்துக்கு அழைத்ததில்லை, அவர் சங்க உறுப்பினரும் இல்லை. காலையிலிருந்து மாலை வரை கரிப்பெட்டியோடு நிற்கிறவர். போன ஆண்டு பங்குனியில் அவர் தலைக்கு மேலிருந்த புங்கையை ஒரே பகலில் மொட்டை அடித்தார்கள். கத்திரி வெயில் முழுவதையும் அவர் ஒரு நீலத் தார்ப்பாய்க்குக் கீழே நின்று கழித்தார். தார்ப்பாய்க்குள் இறங்கும் சூடு மேலே, கரியின் சூடு கையில். நம் சட்டைகள் மடிப்புக் கலையாமல் வந்துகொண்டுதான் இருந்தன. பூக்கட்டும் அம்மாவும் அதே மரத்தடியில்தான் உட்காருவார். பனிக்காலத்தில் விலை கேட்கவே பயப்பட்ட குண்டுமல்லி, இப்போது வரத்து கூடி, அவர் கூடையில் குவிந்து கிடக்கிறது. மல்லிகைக்கு இனிமேல்தான் காலம். ஆனால் நிழல் இல்லாவிட்டால் மதியத்துக்குள் மொட்டெல்லாம் விரிந்து வாடிப்போகும், யார் வாங்குவார்கள்? மாவடு விற்க வரும் பெரியவர், தர்ப்பூசணி வண்டி, நுங்கு வெட்டித் தருபவர் என்று இந்தப் பருவத்தில் நம் தெருவுக்கு வருகிற எல்லோரும் முதலில் தேடுவது எந்த மரத்தடியில் நிற்கலாம் என்பதைத்தான்.

கத்திரி மே முதல் வாரத்தில் பிறந்து மே கடைசி வரை நீடிக்கிறது. மரங்கள் அதற்குத்தான் இப்போதே தயாராகின்றன: பழைய இலையைக் கொட்டி, புது இலையை விட்டு, வெயில் உச்சிக்கு வரும் நேரத்தில் முழுக்குடை பிடிக்கின்றன. புங்கையும் வேம்பும் நம் ஊர் வெயிலுக்கு என்றே பழகிய மரங்கள். அந்தத் தயாரிப்பின் நடுவில் புகுந்து அறுத்தால் ஒரு கோடை முழுக்க நிழல் இல்லை. மரத்துக்கும் கேடு. பனிக்காலம் வரை தண்டிலும் வேரிலும் சேர்த்துவைத்த மாவுச்சத்தைச் செலவழித்துத்தான் மரம் தளிர் விடுகிறது. தளிர் முற்றி, வெயிலில் உணவு தயாரித்துத் திருப்பி அனுப்பிய பிறகே சேமிப்பு மறுபடி நிரம்பும். செலவழித்த கையோடு தளிரை வெட்டிவிட்டால், வெறுங்கையோடு நிற்கும் மரம் மீண்டும் ஒருமுறை துளிர்க்க வேண்டியிருக்கிறது. ஆண்டுதோறும் இதையே செய்தால் எந்த மரமும் நலியும்.

புயலுக்குப் பயந்துதான் வெட்டுகிறோம் என்கிறீர்கள். அந்தப் பயம் நியாயமானது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் இந்த நகரத்தை என்ன செய்தது என்பதை யாரும் மறந்திருக்க முடியாது. மறுநாள் காலையில் கதவைத் திறந்தபோது தெருவே தெரியவில்லை, இலையும் கிளையும்தான் தெரிந்தன. நம் பகுதியில் விழுந்தவற்றில் பெரும்பாலானவை குல்மொஹரும் இயல்வாகையும். வேப்பமரங்கள் கிளை முறிந்தாலும் அநேகமாக நின்றுவிட்டன. விழுந்த மரங்களின் வேரைப் பார்த்தவர்களுக்கு இன்னொன்றும் நினைவிருக்கும்: மழைநீர்க் கால்வாய்க்காக ஒரு பக்கம் வேர் அறுபட்டவை, மறுபக்கம் சிமென்ட் பூசி மூடப்பட்டவை அவற்றில் எத்தனை!

புயலும் வடகிழக்குப் பருவமழையும் வருவது ஐப்பசியிலும் கார்த்திகையிலும். அதற்காகக் கிளைகளின் பாரத்தைக் குறைப்பது என்றால், ஆவணியிலோ புரட்டாசி தொடக்கத்திலோ செய்வதுதான் முறை. பங்குனியில் வெட்டினால், வெட்டிய முனைகளிலிருந்து சிம்புகள் கொத்துக் கொத்தாகக் கிளம்பி, ஆறு ஏழு மாதத்தில் ஆள் உயரம் வளர்ந்து, சரியாகப் புயல் காலத்தில் காற்றைப் பிடித்துக்கொண்டு ஆடும். அந்தச் சிம்புகள் பட்டையோடு மேலோட்டமாக ஒட்டி நிற்பவை, அடிமரத்தோடு ஊன்றியவை இல்லை. காற்றில் முதலில் முறிந்து விழுவது அவைதான். நீங்கள் எதற்குப் பயந்து வெட்டுகிறீர்களோ, அதையே வெட்டி வளர்க்கிறீர்கள்.

வெட்டுகிற விதத்தையும் சொல்ல வேண்டும். போன ஆண்டு வந்த ஆட்கள் ஏணி எட்டிய உயரத்தில் எல்லாக் கிளைகளையும் பாதியில் அறுத்துவிட்டுப் போனார்கள். முழ நீளத்துக்குக் கட்டைகள் நீட்டிக்கொண்டு நின்றன. கிளை தண்டோடு சேரும் இடத்தில் தடித்த வளையம் ஒன்று இருக்கும். அந்த வளையத்தைக் காயப்படுத்தாமல் அதற்குச் சற்று வெளியே அறுத்தால், மரம் தானே பட்டையை வளர்த்துக் காயத்தை மூடிக்கொள்ளும். பாதியில் அறுத்த கட்டையை மூட அதனால் முடியாது. கட்டை அழுகும், அழுகல் உள்ளே இறங்கும், தண்டு பொந்தாகும். பாரமான கிளையென்றால் முதலில் அடியில் கொஞ்சம் அறுத்துவிட்டுப் பிறகு மேலிருந்து அறுக்க வேண்டும், இல்லாவிட்டால் பட்டை கிழிந்துகொண்டு வரும். இந்த இரண்டும் தெரிந்த ஆளாக இருக்கிறாரா என்று ஒப்பந்தக்காரரைக் கேளுங்கள். தெருவில் நிற்பவை பொது இடத்து மரங்கள். அவற்றை வெட்டி வீழ்த்த மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும் என்பதையும், கவாத்துக்கும் மாநகராட்சியிடம் முன்கூட்டியே எழுதிக் கேட்பதே முறை என்பதையும் செயலாளர் ஐயாவின் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

கம்பிகளில் உரசுகிறது என்பது இன்னொரு காரணம். நம் தெருக்களில் மின்சாரம் பூமிக்கடியில் கேபிளாகப் போகிறது. மரத்தில் உரசுபவை கேபிள் டி.வி.க்காரர்களும் இணையச் சேவைக்காரர்களும் மரத்தையே கம்பமாக்கிச் சுற்றி விட்டுப்போன கம்பிகள். அவற்றில் பாதியில் இப்போது எந்த இணைப்பும் இல்லை. அகற்ற வேண்டியது அந்தக் கம்பிகளை. கூடவே, ட்யூஷன் விளம்பரத்துக்கும் வாடகை வீட்டு விளம்பரத்துக்கும் அடித்த ஆணிகளையும் பிடுங்கினால் மரங்கள் வாழ்த்தும்.

இனி பேவர் பிளாக். இதில் மட்டும் மாதத்தை மாற்றச் சொல்லவில்லை, அடியோடு கைவிடச் சொல்கிறேன். வேருக்குத் தண்ணீர் மட்டும் போதாது, காற்றும் வேண்டும். உணவை உறிஞ்சும் மெல்லிய வேர்கள் மண்ணின் மேல்மட்டத்திலேயே படர்ந்திருக்கின்றன. அங்கே ஜல்லியைக் கொட்டி, இயந்திரத்தால் அழுத்தி, மேலே கல்லைப் பதித்தால் இரண்டும் நின்றுபோகும். 2013-இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம், டெல்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் தூரத்துக்குள் உள்ள கான்கிரீட்டை அகற்றும்படி உத்தரவிட்டது. தலைநகரத்து மரத்துக்கு ஒரு மீட்டர் மண் வேண்டுமென்றால் திருவான்மியூர் மரத்துக்கும் வேண்டும். மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீரில் நின்று வடிகால் அடைத்துவிட்டது என்று நாமே புலம்புகிறோம். தண்ணீர் இறங்க மண் எங்கே மிச்சமிருக்கிறது? முதல் தெருவில் நான்கு மாடிக் கட்டடத்துக்கு எதிரே நிற்கும் புங்கையைப் பாருங்கள். தண்டை ஒட்டிப் பதித்த கல்லைப் பட்டை விழுங்கத் தொடங்கியிருக்கிறது. மற்ற புங்கைகள் எல்லாம் தளிர்த்துச் செழித்திருக்க, அது மட்டும் உச்சியில் காய்ந்து, பக்கவாட்டில் நாலு இலை விட்டு நிற்கிறது. அந்த மரம் தவிக்கிறது என்பதைச் சொல்ல நிபுணர் யாரும் வர வேண்டியதில்லை.

இதோடு சேர்த்து ஒரு சின்ன வேண்டுகோள். கடற்கரைக்குத் திரும்பும் முனையில் சங்கம் போட்டிருக்கும் வெள்ளை எல்.இ.டி. விளக்கு கடலைப் பார்த்து எரிகிறது. நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரைக்கும் நம் கரையில் தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. 1988 முதல் மாணவர்களும் தன்னார்வலர்களும் இரவெல்லாம் நடந்து அந்த முட்டைகளை எடுத்துக் காப்பிடத்தில் வைத்துப் பொரித்துக் கடலில் விடுகிறார்கள். அவர்கள் கண்ணில் படாத கூடுகளும் இருக்கும். முட்டை பொரிய ஏழெட்டு வாரம் ஆகும். குஞ்சுகள் வெளியே வரும் காலம் இதுதான். வெளிச்சம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் கடல் என்று அவை நம்பி நடக்கும். அந்த ஒரு விளக்கைத் தெருப்பக்கம் திருப்பி, மேலே ஒரு தகடு போட்டு மறைத்துவிடுங்கள். எலக்ட்ரீஷியனுக்கு அரை மணி நேர வேலை.

காரில் எச்சம் விழுகிறது என்ற குறையை நான் ஒதுக்கிவிடவில்லை. ஒரு துணி உறை போட்டுக்கொள்ளலாம். அல்லது பூக்கும் இந்த ஒன்றரை மாதத்துக்கு மட்டும், விருந்தினர் நிறுத்தும் திறந்த இடத்தை மரத்தடியில் வண்டி நிறுத்துபவர்களுக்கு விட்டுக்கொடுக்கலாம். இலையையும் பூவையும் என்ன செய்வது என்பதற்கும் வழி இருக்கிறது. பூங்காவின் பின்மூலையில், இப்போது உடைந்த ஊஞ்சல் கிடக்கும் இடத்தில், இரண்டு தொட்டி கட்டி இலையைப் போட்டு, அவ்வப்போது தண்ணீரும் கொஞ்சம் சாணக் கரைசலும் தெளித்தால் அடுத்த மழைக்குள் எருவாகிவிடும். இலையை மூட்டை கட்டி லாரியில் ஏற்றிவிட்டு, பூங்காவுக்கு எரு மூட்டை விலைக்கு வாங்குகிறோம். பொருளாளர் அம்மா போன ஆண்டுக் கணக்கைப் பார்த்தால் இரண்டு செலவும் அடுத்தடுத்த வரிகளில் இருக்கும்.

வரும் ஞாயிற்றுக்கிழமை செயற்குழு கூடுகிறது. தீர்மானத்தை ரத்து செய்ய வேண்டாம், திருத்துங்கள். கவாத்து ஆவணியில் என்று மாற்றுங்கள். மோட்டார் அறை வேம்பைப் பட்டியலிலிருந்து நீக்குங்கள். பூங்கா வாசல் கிளைக்கு வைகாசி முடியும் வரை விலக்கு கொடுங்கள். எந்தெந்த மரத்தில் கூடு இருக்கிறது, எந்தக் கிளை உண்மையிலேயே ஆபத்தானது என்று மரம் மரமாகக் குறித்துக்கொண்டு வருகிறேன், கூட்டத்தில் தருகிறேன். அப்படி ஆபத்தான கிளை இருந்தால் அதை நாளையே எடுக்கலாம், அதற்கு முதலில் கை தூக்குபவர் நானாக இருப்பேன்.

முன்பணம் கொடுத்துவிட்டோமே என்று தயங்க வேண்டாம். அதே ஆட்களை, அதே நாளில் வரச்சொல்லுங்கள். கடப்பாரையோடு வரட்டும். முதல் தெருப் புங்கையில் தொடங்கி, ஒவ்வொரு மரத்தடியிலும் சுற்றிலும் ஒரு மீட்டருக்குக் கல்லையும் சிமென்டையும் பெயர்த்தெடுத்து, மண்ணைக் கொத்திவிட்டு, இலைச்சருகைப் பரப்பிவிட்டுப் போகட்டும். கொடுத்த பணத்துக்கு மேல் ஆகும் தொகையில் என் வீட்டுப் பங்கை இந்த மாதச் சந்தாவோடு சேர்த்துக் கட்டிவிடுகிறேன்.

இப்படிக்கு,
மூன்றாம் தெருவில் வசிக்கும் உங்கள் உறுப்பினர்